மூளை தின்னும் அமீபா: மூக்கில் ஏறும் தண்ணீரைப் பற்றிய கேள்விகள்

குளத்தில் குளித்த ஒரு பிள்ளை பத்து நாளுக்குள் இறந்துபோனது என்று எங்கிருந்தாவது ஒரு செய்தி வரும். அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருடைய போனிலும் பயம் சுற்ற ஆரம்பித்துவிடும். தண்ணீர் குடிக்கலாமா, நோயாளி பக்கத்தில் போகலாமா, ஷவரில் குளிக்கலாமா என்று கேட்பார்கள். இந்தப் பயங்களில் பாதி தேவையில்லாதது. "போன வாரம் இவன் எந்தத் தண்ணீரில் இறங்கினான்?" என்ற, உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

பெயரில் சொல்வதுபோல நிஜமாகவே மூளையைத் தின்கிறதா?

பெயரில் கொஞ்சம் சினிமாத்தனம் இருக்கிறது, ஆனால் முழுப் பொய் இல்லை. நெக்லேரியா ஃபௌலேரி என்பது ஒரே ஒரு செல்லால் ஆன உயிரி. வெதுவெதுப்பான நன்னீரிலும் அடிச்சேற்றிலும் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கிறது. மனிதன் அதன் இரை இல்லை. மூளைக்குள் போவதால் அதற்கு ஒரு லாபமும் கிடையாது, அங்கிருந்து அடுத்த ஆளுக்குப் போகவும் வழியில்லை. தவறிப்போய் உள்ளே வந்துவிட்டால், பாக்டீரியாவை விழுங்கிய அதே கிண்ணம் போன்ற வாய்களால் மூளைத் திசுவையும் பிய்க்கத் தொடங்குகிறது. ஆனால் ஆளை வீழ்த்துவதில் பெரிய பங்கு வீக்கத்துக்குத்தான். அமீபாவை விரட்ட உடம்பின் எதிர்ப்புச் செல்கள் திரண்டு வருகின்றன, மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் வீங்குவதற்கு இடம் ஏது? அழுத்தம் ஏறி, மூச்சையும் இதயத்தையும் கவனிக்கும் மூளைத்தண்டு நசுங்குகிறது.

இந்த அமீபா இருக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டால்?

ஒன்றும் ஆகாது. வயிற்றுக்குள் போன அமீபாவால் மூளைக்குப் போக முடியாது. செய்தி வந்ததும் கேன் தண்ணீர் வாங்கி அடுக்குபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். குடிக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டியதற்கு வேறு நூறு காரணங்கள் உண்டு, அது தனிக் கதை.

பிறகு எப்படித்தான் மூளைக்குப் போகிறது?

மூக்கு வழியாக மட்டும்தான். உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கும்போது சில சமயம் மூக்கில் சுர்ரென்று ஏறி, கண் கலங்கி, புருவ நடுவரை எரியும். அந்த எரிச்சல் தெரியும் இடத்துக்குச் சற்று மேலே, மூக்கின் கூரையில், சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது. வாசனை அறியும் நரம்பின் இழைகள் மூளையிலிருந்து அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மூக்குக்குள் இறங்குகின்றன. அமீபா மூக்குச் சவ்வில் ஒட்டிக்கொண்டு, அந்த நரம்பிழையையே பிடித்து மேலே ஏறுகிறது. சல்லடையைத் தாண்டினால் மூளையின் அடிப்பகுதி. சிலருக்கு ஆரம்பத்திலேயே வாசனையும் ருசியும் மாறிப்போவதற்கு இதுதான் காரணம்.

எந்தத் தண்ணீரில் இருக்கும்?

ஏரி, குளம், ஆறு, வெந்நீர் ஊற்று, ஆலைகள் வெளியேற்றும் சூடான நீர், சரியாகப் பராமரிக்காத நீச்சல் குளம், தண்ணீர்த் தொட்டி, கிணறு என எங்கும் இருக்கலாம். சூடு இதற்குப் பிடிக்கும், 46 டிகிரி செல்சியஸ் வரை தாக்குப்பிடித்து வளரும். அதனால்தான் கோடையில், மட்டம் இறங்கி வெயிலில் காய்ந்த நீர்நிலைகளில் ஆபத்து கூடுகிறது. இரை கிடைக்காவிட்டால் இரண்டு சாட்டைகள் முளைத்து வேறு இடம் தேடி நீந்தும். குளிர் வந்தால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு சேற்றில் கிடக்கும். சேற்றைக் கிளறி விளையாடக் கூடாது என்பது இதனால்தான். கடல் நீரில் இது வாழாது.

குளோரின் போட்ட நீச்சல் குளம் பாதுகாப்பானதுதானே?

குளோரின் அளவு சரியாக இருந்து, அது எல்லா மூலைக்கும் போய்ச் சேர்ந்தால், ஆமாம். சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

அப்போதைய செக்கோஸ்லோவாக்கியாவில், ஊஸ்டி நாட் லாபெம் என்ற தொழில் நகரம். 1962க்கும் 1965க்கும் இடையில் அங்கே 16 இளம் வயதினர் மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். என்ன கிருமி என்று அப்போது பிடிபடவில்லை. பிற்பாடு பாதுகாத்து வைத்திருந்த திசுக்களை எடுத்துப் பார்த்தபோதுதான் அமீபா தெரிந்தது. எல்லோரும் நீந்தியது ஒரே உள்ளரங்கக் குளத்தில், வெதுவெதுப்பாகச் சூடேற்றிய குளம். ஆராய்ந்தபோது, குளத்தைச் சுருக்குவதற்காகக் கட்டிய ஒரு தடுப்புச் சுவரும் அதில் விரிசலும் கண்ணில் பட்டன. சுவருக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் அமீபா சௌகரியமாகக் குடியிருந்தது, விரிசல் வழியாக முன்பக்கம் வந்துபோனது. முன்னால் பார்த்தால் சாதாரணமான ஒரு நீச்சல் குளம், அவ்வளவுதான்.

எனக்கு இந்த நோயைப் பற்றி நினைத்தாலே முதலில் ஞாபகம் வருவது அந்தச் சுவர்தான்.

குழாய்த் தண்ணீரிலும் வருமா?

வந்திருக்கிறது. சொல்லப்போனால் இந்த நோயை உலகத்துக்குத் தெரியப்படுத்தியதே குழாய்த் தண்ணீர்தான். 1965இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் மால்கம் ஃபௌலர், ராட்னி கார்ட்டர் என்ற இரு மருத்துவர்கள், மூளைக்காய்ச்சலில் இறந்த நான்கு பேரின் மூளையில் அமீபாவைக் கண்டதாக எழுதினார்கள். ஃபௌலரின் பெயர்தான் பிறகு கிருமிக்கு வந்தது. அந்தப் பகுதிக்குத் தண்ணீர் பல நூறு கிலோமீட்டர் தூரம் தரைக்கு மேலே ஓடும் இரும்புக் குழாய்களில் வருகிறது. பாலைவன வெயிலில் குழாய் காயும், உள்ளே தண்ணீர் சூடாகும், கிளம்பிய இடத்தில் போட்ட குளோரின் வழியிலேயே தீர்ந்துவிடும். கடைசி ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது குளோரின் இல்லாத வெந்நீர். அப்புறம் வழி நெடுகக் கிருமிநாசினி சேர்க்கும் நிலையங்கள் வைத்தார்கள். 1981க்குப் பிறகு அந்த மாநிலத்தில் யாருக்கும் இந்த நோய் வந்ததாகப் பதிவில்லை.

2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். இருவருமே குளம் பக்கம் போனவர்கள் இல்லை. சைனஸ் தொல்லைக்காக மூக்குக் கழுவும் குவளையில் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள். 2013இல் அதே மாநிலத்தில், குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிய பிளாஸ்டிக் விரிப்பில் வழுக்கி விளையாடிய ஒரு சிறுவன் இறந்தான். அதன் பிறகு அங்கே குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்று விதி வந்தது.

கராச்சியில் 2008 முதல் பதிவான நோயாளிகளில் பலருக்கு நீச்சலே தெரியாது. தொழுகைக்கு முன் கைகால் கழுவும்போது மூக்கிலும் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்வார்கள். அந்தத் தண்ணீரில் குளோரின் போதவில்லை. தப்பு வழக்கத்தில் இல்லை, தண்ணீர் விநியோகத்தில்.

அப்படியானால் மூக்கு கழுவுவதை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம், தண்ணீரை மாற்றினால் போதும். குமிழ் புரண்டு கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் விட்டு, ஆறவைத்த தண்ணீர் நல்லது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடம் கொதிக்க விட வேண்டும், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடையில் விற்கும் வாலை வடிநீரும் (டிஸ்டில்ட் வாட்டர்) சரி. வெதுவெதுப்பாகச் சூடாக்கிய தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், அது அமீபாவுக்கு வெந்நீர்க் குளியல் மாதிரி. கழுவும் குவளையையும் அலசிக் காயவைக்க வேண்டும்.

நோயாளியிடமிருந்து தொற்றுமா?

தொற்றாது. தொடலாம், பக்கத்தில் உட்காரலாம், சாப்பாடு ஊட்டலாம்.

லட்சக்கணக்கான பேர் குளிக்கிறார்கள், ஒரு சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது?

ஒரே குளத்தில், ஒரே நாளில், ஒரே மாதிரி குதித்த பத்துப் பையன்களில் ஒருவனுக்கு வந்து ஒன்பது பேருக்கு ஏன் வரவில்லை என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் தெளிவான பதில் இல்லை. நோயே வராத பலருடைய ரத்தத்தில் இந்த அமீபாவுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அதாவது அமீபாவோடு உரசல் சகஜம், நோய் அபூர்வம். அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை, 62 வருடத்தில், பதிவானது 164 பேர். அதே காலத்தில் அங்கே தண்ணீரில் மூழ்கி இறந்தவர்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. பிள்ளையைக் குளத்துக்கு அனுப்ப இந்தக் கிருமியை நினைத்துப் பயப்படுகிறவர்கள், நீச்சல் தெரியாமல் அனுப்புவதற்கும் பயப்படலாம்.

நோய் வந்தவர்களில் பிள்ளைகளும் வாலிபர்களும் அதிகம், அதிலும் ஆண் பிள்ளைகள். தலைகீழாகப் பாய்வதும் குட்டிக்கரணம் போடுவதும் அடிமண்ணை அள்ளி எறிவதும் அவர்கள்தானே.

அறிகுறிகள் என்ன, எத்தனை நாளில் தெரியும்?

தண்ணீர் மூக்கில் ஏறியதிலிருந்து 1 முதல் 12 நாளுக்குள் தெரியும், பெரும்பாலும் 5 நாள் வாக்கில். முதல் நாள் நெற்றிப் பக்கம் கடுமையான தலைவலி, காய்ச்சல், குமட்டல், வாந்தி. பார்த்தால் சாதாரண வைரஸ் காய்ச்சல் மாதிரியே இருக்கும். அப்புறம் கழுத்து விறைக்கும், வெளிச்சம் பட்டால் கண் கூசும், பிள்ளை பேச்சுக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லும், தள்ளாடும், வலிப்பு வரும், நினைவு தப்பும். அறிகுறி தொடங்கிய சுமார் 5 நாளில் மரணம் நேர்வதுதான் வழக்கம். இதில் நாள் கணக்கு உதவாது, மணிக்கணக்குதான்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும் இருந்து, கடந்த இரண்டு வாரத்தில் நன்னீரில் இறங்கியிருந்தாலோ மூக்கில் தண்ணீர் போயிருந்தாலோ, அதை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். எங்கே, என்றைக்கு, குதித்தானா, மூக்கில் ஏறியதா என்பதையெல்லாம் சொல்லுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குத் தெரியாமல் குளிக்கப் போவது உண்டு. அந்த நேரத்தில் திட்டினால் உண்மை வராது, கூடப் போன நண்பர்களைத் தனியாகக் கேட்டால் வரும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்த பதிலில் புரியும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுப்பார்கள். தெளிந்த தண்ணீர்போல் இருக்க வேண்டியது கலங்கலாக வரும். பரிசோதித்தால் வெள்ளணுக்கள் ஏராளம், புரதம் அதிகம், சர்க்கரை குறைவு. பாக்டீரியா மூளைக்காய்ச்சலுக்கும் அச்சு அசலாக இதே முடிவுதான் வரும். உடனே அதற்கான ஆன்டிபயாட்டிக் தொடங்குவார்கள், அது நியாயமான முடிவும்கூட. ஆனால் அந்த மருந்து அமீபாவை ஒன்றும் செய்யாது.

சந்தேகம் இருந்தால் செய்ய வேண்டிய வேலை மிக எளிது. புதிதாக எடுத்த தண்டுவட நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, சாயம் எதுவும் போடாமல், அப்போதே மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வெள்ளணுக்களுக்கு நடுவே, கிட்டத்தட்ட அதே அளவில், ஒன்று மட்டும் உடம்பின் ஒரு பக்கத்தை மொழுக்கென்று முன்னால் தள்ளி, மீதியை அதற்குள் ஊற்றுவதுபோல் நகரும். நத்தை ஊர்வதைப் பார்ப்பது போல, கொஞ்சம் வேகமான நத்தை. அசையாமல் கிடந்தால் அதையும் வெள்ளணு என்றே எண்ணிக் கடந்துவிடுவார்கள். அதனால் அந்தத் திரவத்தைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது, குளிர்ந்தால் அமீபாவின் அசைவு போய்விடும். பி.சி.ஆர். சோதனை உறுதிப்படுத்தத் தேவை. ஆனால் முதல் சந்தேகத்தைக் கிளப்புவது இந்த ஒரு சொட்டும், அதைப் பார்க்கச் சொன்ன டாக்டரும்தான். அவருக்குக் குளத்துக் கதை தெரிந்திருந்தால்தானே பார்க்கச் சொல்வார்?

மருந்து இருக்கிறதா?

இதற்கென்றே கண்டுபிடித்த மருந்து கிடையாது. வேறு நோய்களின் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பூஞ்சைக்கான ஆம்ஃபோடெரிசின் பி, ஃப்ளூகோனசோல், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், பாக்டீரியாவுக்கான அசித்ரோமைசின், அவற்றோடு மில்டெஃபோசின். இந்தக் கடைசி மருந்து புற்றுநோய்க்கென்று தொடங்கி, அதில் சரிப்படாமல் மணல் ஈ பரப்பும் காலா அசார் நோய்க்கு வந்து, அங்கிருந்து அமீபாவுக்கு வந்தது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் சிகிச்சையும் கூடவே நடக்க வேண்டும்.

அந்த 164 பேரில் பிழைத்தவர்கள் 4 பேர். 2013இல் அர்க்கான்சாஸ் மாநிலத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி பிழைத்து, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். நோய் சீக்கிரமே தெரிந்தது, மில்டெஃபோசின் கிடைத்தது, உடம்பின் சூட்டை இறக்கி மூளை வீக்கத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அதே கோடையில், சில நாள் தாமதமாகச் சிகிச்சை தொடங்கிய 8 வயதுச் சிறுவன் ஒருவனும் பிழைத்தான், ஆனால் மூளைப் பாதிப்போடு. இரண்டு பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். இருந்தாலும் நேரத்தின் விலை தெரிகிறது.

கேரளத்தில் மட்டும் எப்படி இத்தனை பேர், அதுவும் பிழைப்பவர்கள் அதிகமாக?

கேரளத்தில் முதல் நோயாளி 2016இல் ஆலப்புழையில் பதிவானார். 2022 வரை மொத்தமே 8 பேர். 2024இல் ஒரே வருடத்தில் 30ஐத் தாண்டியது. அந்த வருடம் கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் பிழைத்தது பெரிய செய்தியானது. 2025 செப்டம்பர் நடுவில் எண்ணிக்கை 70ஐ நெருங்கியது, இறந்தவர்கள் 19. அதன் பிறகும் கூடியது.

இதற்கு இரண்டு விளக்கம் சேர்ந்தே பொருந்தும். ஒன்று, அங்கே தேட ஆரம்பித்தார்கள். காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் என்றால் அமீபாவையும் பார்க்க வேண்டும் என்று ஆக்கிய பிறகு, முன்பு பெயர் தெரியாமல் போன மரணங்கள் இப்போது கணக்கில் வருகின்றன. மற்றது, எல்லாமே நெக்லேரியா இல்லை. அகாந்தமீபா போன்ற வேறு அமீபாக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. அவை மெதுவாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மூளையைப் பாதிப்பவை. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களை அதிகம் பிடிப்பவை, மூக்கு மட்டுமல்லாமல் தோல் புண் வழியாகவும் நுரையீரல் வழியாகவும் நுழைபவை. சிகிச்சைக்கு அவகாசம் கிடைப்பதால் பிழைப்பவர்களும் கூடுகிறார்கள். அதனால் அங்கே நாலில் ஒருவர்தான் இறக்கிறார் என்பதைக் கேட்டு, நெக்லேரியா சாதுவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேரளம் கற்றுத்தருவது, தேடினால் கிடைக்கும் என்பதைத்தான். தேடாத இடங்களில் எண்ணிக்கை குறைவாக இருப்பது நிம்மதிக்கான காரணம் இல்லை.

வெப்பம் கூடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்றுதான் தடயங்கள் சொல்கின்றன. அமெரிக்காவில் பல வருடங்களாகத் தெற்கு மாநிலங்களின் நோயாக இருந்தது, 2010இல் கனடா எல்லையை ஒட்டிய மினசோட்டாவில் தலைகாட்டியது. 2012இல் அதே ஏரியில் இன்னொரு முறை. நீர்நிலை சூடாக ஆக, அமீபாவுக்கு வசதியான மாதங்களும் இடங்களும் கூடுகின்றன.

எல்லாக் குளத்தையும் சோதித்து அறிவிப்புப் பலகை வைக்கலாமே?

கேட்க நன்றாக இருக்கிறது, உதவாது. சூடான நீர்நிலை எதைச் சோதித்தாலும் அமீபா கிடைக்க வாய்ப்பு உண்டு. லிட்டருக்கு இத்தனை இருந்தால் ஆபத்து என்ற அளவுகோலும் இல்லை. சோதனை முடிவு வருவதற்குள் தண்ணீரின் நிலையே மாறியிருக்கும். பலகை இல்லாத குளம் பாதுகாப்பானது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வதுதான் மிச்சமாகும். அந்தப் பணத்தை மூன்று இடங்களில் போடலாம். குழாயின் கடைசி முனைவரை குளோரின் போய்ச் சேருகிறதா என்று அளக்கலாம், கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் முறையாகக் குளோரின் போடலாம், மாவட்ட ஆஸ்பத்திரியில் அந்த ஒரு சொட்டைப் பார்க்கத் தெரிந்த ஆளையும் மில்டெஃபோசினையும் தயாராக வைக்கலாம். மருந்து வேறு ஊரிலிருந்து வர ஒரு நாள் ஆகுமென்றால், இந்த நோயில் அந்த ஒரு நாள் பெரிது.

அப்படியானால் குளிக்கவே போகக் கூடாதா?

போகலாம். மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொளுத்தும் கோடையில், அசையாமல் தேங்கிய ஆழமில்லாத தண்ணீரில் குதிப்பதையும் முங்குவதையும் தவிருங்கள். குதித்தே ஆக வேண்டுமென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதியுங்கள், அல்லது மூக்கு க்ளிப் போடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கான காற்றடித்த குளியல் தொட்டியில் நேற்றைய தண்ணீரை வைத்திருக்காதீர்கள். தினம் கொட்டி, தேய்த்து, காயவைக்க வேண்டும். வெயிலில் கிடந்த ரப்பர் ஹோஸ் பைப்பில் முதலில் வரும் சூடான தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டு, அப்புறம் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கும் அமீபா ஆபத்து என்கிறார்களே?

அது கேரளக் கணக்கில் சொன்ன அகாந்தமீபா. லென்ஸ் வழியாகக் கண்ணுக்கு வந்தால் அது மூளைக்குப் போகாது, கருவிழியைப் புண்ணாக்கும், பார்வையைக் கெடுக்கும். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், லென்ஸோடு நீந்தாதீர்கள்.

மூன்று வாரத்துக்கு முன் ஏரியில் குளித்தபோது மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. இன்றைக்குத் தலைவலி. இதுவாக இருக்குமோ?

நெக்லேரியாவுக்கு 12 நாள்தான் கணக்கு. உங்களுக்கு 21 நாள் ஆகிவிட்டது, அதனால் இது அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தலைவலி விடாமல் இருந்தாலோ, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தாலோ எப்படியும் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். பார்க்கும்போது ஏரிக்குப் போன தேதியையும் சொல்லிவிடுங்கள்.